மரத்துக்கு ஏது ஞாயித்துக்கிழமை?

வாங்க மாப்ள, வாங்க. மதுரையில மொத பஸ்ஸைப் பிடிச்சு வந்து, ஒங்காத்தா சுட்ட தோசையைத் தின்னு, செத்த நேரம் கண்ணசந்து எந்திரிச்சு, உச்சி வெயில்ல டிரம்மு முன்னால நின்னு உரத்தைக் கலக்குறீகளே, ஒங்க உழைப்பைப் பாத்து நத்தம் மலையே கண்ணீர் விடுது போங்க. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேற. இலைக்கும் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிட்டீகன்னா வேலை முடிஞ்சது.

ஏன்யா இந்நேரத்துல அடிக்கிறன்னு கேட்டா, ஞாயித்துக்கிழமைதான் லீவுங்கிற. பவர் ஸ்ப்ரேயர்க்காரன் காலையில வேற தோட்டத்துக்குப் போயிட்டான், பன்னெண்டு மணிக்குத்தான் ஓஞ்சான்ங்கிற. உரக்கடையில அஞ்சு வகை உரத்தையும் பாக்கெட்டு பாக்கெட்டாச் சேத்து வாங்குனா தள்ளுபடி குடுத்தாங்கங்கிற. எல்லாருக்கும் தோதான நாள் பாத்தாச்சு. ஒன் லீவு, அவன் வாடகை, கடைக்காரரோட சரக்கு, எல்லாம் ஒண்ணாக் கூடி வந்துருச்சு. மரத்தை மட்டும்தான் யாரும் ஒரு வார்த்தை கேக்கலை.

மாமன் சொன்னா ஒனக்குக் கசக்கும். இருந்தாலும் டிரம்மை மூடிட்டு இந்த நெழல்ல உக்காரு. மெசினை அமத்தச் சொல்லு, டீசலாவது மிஞ்சட்டும்.

மொதல்ல ஒன் கம்ப்யூட்டருக்குப் பிடிச்ச மாதிரி ஒரு கணக்கைப் போடுவோம். காய்ப்புக்கு வந்த மாமரம் ஒண்ணுக்கு வருசத்துக்கு 50 கிலோ தொழுவுரம், 1 கிலோ தழைச்சத்து, 1 கிலோ மணிச்சத்து, ஒண்ணரைக் கிலோ சாம்பல் சத்துன்னு கோயமுத்தூரு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லுது. இதெல்லாம் மண்ணுல போடுறது. நீ இலையில அடிக்கிறது 1 சத யூரியாக் கரைசல், லிட்டருக்கு 10 கிராம். மரத்துக்கு 10 லிட்டர் ஊத்துனாலும் 100 கிராம் யூரியா. யூரியாவுல தழைச்சத்து 46 சதந்தான். ஆக 46 கிராம். அதுலயும் நம்ம ஆளு பீச்சுற பீச்சுல பாதி கீழ இருக்கிற பார்த்தீனியத்துக்குப் போயிரும். ஆயிரம் கிராம் கேக்குற மரத்துக்கு இருவது கிராமை முகத்துல தெளிச்சுட்டு, மண்ணுக்கு இந்த வருசம் எருவே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியாமே? ஒங்கப்பன் சொல்லிப் பெருமைப்பட்டான். சாணி அள்ளுற வேலை மிச்சம்னு அவனுக்கும் சந்தோசம்.

அப்பறம் எதுக்கு இலையில அடிக்கச் சொல்றாகன்னு கேப்ப. ஒன் காதுகுத்துக்கு நான் சீர் கொண்டாந்தேனே, அந்தச் சீரா ஒன்னை வளத்துச்சு? ஒங்கப்பன் போட்ட சோறு வளத்துச்சு. ஆனா அந்தச் சீரு அன்னைக்குக் காலையில, ஆசாரி கம்பியைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி, பந்தல்ல வந்து எறங்கணும். மறுவாரம் அதே தட்டைத் தூக்கிட்டு வந்து நின்னிருந்தேன்னு வையி, எந்தங்கச்சி வாசல்லயே வச்சு என்னைக் காச்சிருப்பா. தட்டு அதேதான், பழம் அதேதான். இலைவழி உரமும் அந்தக் கணக்குத்தான் மாப்ள. அளவு கொஞ்சம். வந்து சேர்ற நேரத்துலதான் அதுக்கு மரியாதை.

இப்ப இந்தா, இந்த இலையைப் பிடி. மேல தடவிப் பாரு. வழவழன்னு இருக்கா? மெழுகு. இதுல சொட்டுத் தண்ணி விட்டா உருண்டு ஓடும். இப்பத் திருப்பு. அடிப்பக்கம் மங்கலா இருக்குல்ல? மாவிலைக்கு மூச்சுத் துவாரம் பெரும்பாலும் இந்தப் பக்கந்தான். மெழுகும் மேல இருக்கிற அளவுக்கு இல்லை. ஒன் ஆளு என்ன பண்றான்? கீழ நின்னுக்கிட்டு வானத்தைப் பாத்துப் பீச்சுறான், அது மேல போயி மழையா இறங்கி இலை முதுகுல விழுந்து வழியுது. தெளிக்கிற துப்பாக்கியோட முனையைத் திருகிப் புகையா வர்ற மாதிரி வச்சுக்கிட்டு, கெளைக்கு உள்ள விட்டுக் கீழருந்து மேலாக்க அடிக்கணும். இலை நனையணும், வழியக் கூடாது. வழிஞ்சுதுன்னா அது தெளிப்பு இல்ல, பாசனம்.

இன்னொண்ணு. இலை ஈரமா இருக்குற வரைக்குந்தான் உள்ள வாங்கும். தண்ணி வத்துனதும் உப்பு மட்டும் இலை மேல படிஞ்சு வெள்ளையா நிக்கும். பன்னெண்டு மணி வெயில்ல நீ அடிச்சது அஞ்சு நிமிசத்துல வத்திரும். வத்தும்போது சும்மா வத்தாது, சொட்டு சிறுக்கச் சிறுக்க அதுல இருக்குற உப்புக் கூடிக்கிட்டே போகும். 1 சதமாக் கலக்குனது 5 சதம், 10 சதம்னு ஏறி, இலை நுனியையும் ஓரத்தையும் கருக்கிட்டுத்தான் அடங்கும். ரெண்டு நாள் கழிச்சு எனக்குப் போன் போட்டு, "மாமா, ஏதோ புது நோய் வந்துருக்கு, போட்டோ அனுப்புறேன், பாருங்க"ன்னு சொல்லுவ. நோய்க்குப் பேரு ஞாயித்துக்கிழமைதான் மாப்ள. அதுக்கும் ஒரு மருந்து கடையில குடுப்பாக, அதையும் பன்னெண்டு மணிக்கு அடி.

வெள்ளன எந்திரி. பனி சொட்டுறது நின்னு, இலையில ஈரப்பதம் மட்டும் இருக்கிற நேரம் இருக்கே, அப்ப ஆரம்பிச்சு எட்டரை ஒன்பதுக்குள்ள முடி. சொட்டச் சொட்டப் பனி இருக்கும்போதும் அடிக்காத, கரைசல் தண்ணியாப் போயிரும். முடியலையா, சாயங்காலம் நாலு மணிக்கு மேல. காத்து அலைக்கழிச்சா அன்னைக்கு விட்டுரு. வானம் இருண்டு மலைப் பக்கம் இடிச்சாலும் விட்டுரு. யூரியா சில மணி நேரத்துல கணிசமா உள்ள போயிரும், துத்தநாகம் மெதுவா, மணிச்சத்து நாள்கணக்குல நகரும். அடிச்ச ஒரு மணி நேரத்துல மழை வந்தா கடைக்காரருக்கும் மழைக்கும்தான் லாபம்.

மணிக் கணக்கு இது. பருவக் கணக்கு வேற, அதுலதான் நீ மொத்தமாக் கோட்டை விடுற.

அறுவடை முடிஞ்சு ஆனி ஆடியில கவாத்து பண்ணி, மண்ணுக்கு எருவும் உரமும் வச்சுட்டா, மழைக்குத் தளிர் வரும். மொதல்ல செம்பு நிறத்துல, தொவண்டு தொங்கும். அப்ப அடிச்சா பிஞ்சு இலை வெந்து போகும். செம்பு மாறி இளம்பச்சைக்கு வந்து, இலை அகலம் முழுசா விரிஞ்சு, ஆனா இன்னும் கடினப்படாம இருக்கும் பாரு, நுண்ணூட்டம் குடுக்க அதுதான் சமயம். மெழுகு முழுசா ஏறியிருக்காது, குடுக்குறதைக் குடிக்கும். லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டு, இலை கருகாம இருக்க அதுல பாதி நீத்த சுண்ணாம்பு. போரான் பூ வர்றதுக்கு முன்னாடி லிட்டருக்கு 1 கிராம், மிஞ்சிப்போனா 2. மகரந்தம் மொளைச்சு உள்ள எறங்குறதுக்கு அது வேணும். நல்லதுன்னு சொல்லி கைப்பிடி கைப்பிடியா அள்ளிப் போட்டுறாத, போரானுக்கும் நஞ்சுக்கும் நடுவுல இடம் கொஞ்சந்தான்.

நீ வந்துருக்கிற நேரம் என்ன? கார்த்திகைக் கடைசி. மரம் தளிரு விடுறதை நிறுத்திட்டு, பூப்பமா வேண்டாமான்னு ரோசனை பண்ணிக்கிட்டு நிக்குது. இந்தச் சமயம் பாத்து நீ யூரியாவையும், மூணு சத்தும் சமமா இருக்கிற பத்தொம்போது ஆல் உரத்தையும் கொண்டாந்து மூஞ்சியில அடிச்சா, அது பூவை மறந்துட்டு மறுபடி தளிருக்குப் போயிரும். மார்கழியில தோப்பு செவசெவன்னு தளிரோட நிக்கும். அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாம். மாம்பழம் வேணும்னா எந்தோப்புக்கு வந்து காசு குடுத்து வாங்கிக்க. சொந்தக்காரன்னு வெலை கொறைக்க மாட்டேன்.

பூக்கவே மாட்டேன்னு அடம்பிடிச்சா? பிப்ரவரி பொறந்தும் மொட்டு தெரியலைன்னாத்தான் கையை வைக்கணும். லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டு, இல்லைன்னா 5 கிராம் யூரியா. கடையில பொட்டாசியம் நைட்ரேட்டுக்குப் பேரு "பதிமூணு சைபர் நாப்பத்தஞ்சு", நீ வாங்கிட்டு வந்ததுல அதுவும் இருக்கு. பழைய ஆளுகளுக்கு வெடியுப்புன்னு சொன்னாத் தெரியும்.

இந்த வெடியுப்புக்கு ஒரு கதை இருக்கு, கேட்டுக்க. பிலிப்பைன்ஸ்ல அந்தக் காலத்துல மாமரம் பூக்கணும்னு அடியில சருகைப் போட்டு நாள் கணக்காப் புகை மூட்டுவாங்களாம். நாம கொசுவுக்குப் போட்ட புகையை அவன் மாம்பூவுக்குப் போட்டுருக்கான். 1970 வாக்குல ரமோன் பார்பான்னு ஒரு விஞ்ஞானி, புகை எதுக்குய்யா, வெடியுப்பைக் கரைச்சு இலையில தெளின்னு காட்டுனாரு. பூத்துருச்சு. காப்புரிமை அவரு கையில இருந்தும் விவசாயிககிட்டக் காசு கேக்கலை. 2014-ல அந்த நாடு தேசிய விஞ்ஞானின்னு பட்டம் குடுத்துச்சு. ஒன் கடைக்காரரு மட்டும் அவருக்கு முந்தியே கண்டுபிடிச்சிருந்தா, ஒரு பூவுக்கு இம்புட்டுன்னு பில்லு போட்டிருப்பாரு.

ஆனா பார்பா ஊரு ஆளுக தெளிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுவாக. கெளை நுனியில இருக்கிற இலையைப் பறிச்சு உள்ளங்கையில வச்சுக் கசக்கிப் பாப்பாக. இந்தா, நீயே செய். நொறுநொறுன்னு சத்தம் கேட்டு ஒடையுதா? அப்ப முத்துன இலை, பூக்கத் தயார். இந்தப் பக்கத்து மரத்துல பறி. மசமசன்னு மடங்குதுல்ல? இது பிந்தி வந்த தளிரு, இதுக்கு வெடியுப்பு அடிச்சா இன்னும் ரெண்டு தளிரு விட்டு ஒனக்கு நன்றி சொல்லும். ஒரே தோப்புல ஒரே நாள்ல எல்லா மரத்துக்கும் அடிக்கிற வேலை ஆகாதுங்கிறது இதுக்குத்தான். நம்மூருல எல்லா ரகமும் ஒரே மாதிரி மசியவும் மசியாது. நீலம் சொன்ன பேச்சுக் கேக்கும். இமாம் பசந்து இருக்கே, அதுக்குப் பேருலயே ராஜகளை, நீ என்ன தெளிச்சாலும் இஷ்டப்பட்டாத்தான் பூக்கும். போன வருசம் கெளை ஒடிய ஒடியக் காச்ச மரத்துக்கு இந்த வருசம் மூணு தடவை அடிச்சாலும் அது ஓய்வெடுக்கத்தான் போகுது.

பூ விரிஞ்சுருச்சா? டிரம்மைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்து பீடி குடி. பீடி இல்லைன்னா செல்லு பாரு. பூங்கொத்து முழுசா விரிஞ்சு நிக்கிறப்ப எதையும் பீச்சக் கூடாது. மகரந்தம் கழுவிட்டுப் போகும், ஈரம் தங்குனா பூஞ்சண நோய் வந்து ஏறும். அதை விட முக்கியம், ஈ. மாம்பூவுல காய் பிடிக்க வைக்கிறது தேனீ மட்டுமில்ல, நீ வீட்டுல மூஞ்சி சுளிச்சு விரட்டுற ஈயும்தான். காலையில பூங்கொத்து மேல அது மொய்க்கிறப்ப அது கூலி வாங்காத ஆளுன்னு நினைச்சுக்க. தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கிறதா இருந்தாலும் பூ விரியிறதுக்கு முந்தியே முடிச்சிருக்கணும். பூவுல அடிச்சுப்புட்டு, காய் நிக்கலை, சாமிக்குத்தம்னு காளியம்மன் கோயிலுக்கு வந்து நிக்கிறவங்களை வருசா வருசம் பாக்குறேன். அந்தம்மா பாவம், பதில் சொல்ல முடியாம நிக்கிறா.

பூ உதுந்து பிஞ்சு கடுகளவு வந்ததும் மறுபடி ஒன் ஆட்டம். அப்ப வெடியுப்பு 2 சதம், லிட்டருக்கு 20 கிராம். பிஞ்சு உதுர்றது கொறையும், பிடிப்பு கூடும். ஒன் முதுகு டேங்கு 16 லிட்டருன்னா 320 கிராம். தராசுல நிறுத்துப் போடு. "ஒரு கை, ரெண்டு கை"ன்னு அள்ளிப் போடாத. ஒங்கையும் எங்கையும் ஒண்ணா? ஒங்கை கீபோர்டு தட்டுன கை, எங்கையில மம்பட்டி காப்பு காச்சிருக்கு. சுண்ணாம்புச் சத்து குடுக்கிறதா இருந்தா அது காய் மேலயே படணும். இலையில பட்டது இலையோட தங்கிரும், காய்க்கு எறங்கி வராது. பிஞ்சு இலைக்குள்ள ஒளிஞ்சு தொங்குறப்ப வெளிய நின்னு இலைக்கு அடிச்சுட்டு, காய்க்குக் குடுத்தாச்சுன்னு நோட்டுல எழுதி வைக்காத.

சரி, இப்ப அந்த டிரம்மைத் தொற. எட்டிப் பாரு. என்ன தெரியுது? மோரு திரிஞ்சு நிக்குது. அஞ்சு வகையையும் ஒண்ணா ஊத்துனா ஒரே கூலியில அஞ்சு வேலைன்னு கணக்குப் போட்டீக. பத்தொம்போது ஆலுல இருக்கிற மணிச்சத்தும் கால்சியம் நைட்ரேட்டுல இருக்கிற சுண்ணாம்பும் சம்பந்தம் பண்ணிக்கிட்டு வெள்ளையாப் படிஞ்சிருச்சு. துத்தநாகமும் அந்த மணிச்சத்தோட சேந்து அடியில உக்காந்துருச்சு. மக்னீசியம் சல்பேட்டு வேற போட்டிருக்க, அது சுண்ணாம்போட சேந்தா ஜிப்சம். டிரம்முக்குள்ளயே தனியா ஒரு ஆலை ஓட்டிருக்க. இது இலைக்குள்ள போகாது, துப்பாக்கி முனையிலதான் போயி அடைக்கும். அடிக்கொருக்கா ஒன் ஆளு முனையைக் கழட்டி வாயில வச்சு ஊதிக்கிட்டு இருந்தானே, ஏன்னு நினைச்ச? புல்லாங்குழல் பழகுறான்னா? மொதல்ல அதை நிறுத்து, வாயில வைக்கிற சாமானா அது. பழைய பல்லு பிரஷ்ஷும் வாளித் தண்ணியும் குடு.

தண்ணியும் பாத்து எடு. இந்த ஆழ்துளைத் தண்ணியில கொதிக்க வச்ச பாத்திரத்துல வெள்ளைப் பொருக்கு கட்டுதுல்ல, அதே பொருக்கு ஒன் கரைசலையும் கெடுக்கும். கிணத்துத் தண்ணி நல்லா இருந்தா அதை எடு. மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருந்தா மகராசன். ரெண்டு சாமானைக் கலக்கலாமா கூடாதான்னு சந்தேகம் வந்தா, ஒரு கண்ணாடி பாட்டில்ல ரெண்டையும் அதே அளவுல கலக்கி அரை மணி நேரம் வையி. தெளிஞ்சு நின்னா டிரம்முக்குப் போகட்டும். கலங்குனா கொட்டு. அடிக்கிறதையும் மொதல்ல ஒரு மரத்துல ஒரு கெளைக்கு மட்டும் அடிச்சு, ரெண்டு நாள் பாத்துட்டு மத்ததுக்குப் போ. ரெண்டு நாள் பொறுக்காதவன் எதுக்குய்யா அஞ்சு வருசம் காத்திருந்து மாமரம் வளத்தான்?

கெணத்தோரம் நிக்குற அந்த எலுமிச்சைக்கும் மிச்சக் கரைசலை ஊத்திரலாம்னு ஒங்கப்பன் சொன்னானாம். அவன் மிச்சம் பிடிச்சே தேஞ்சவன். மூட்டை யூரியாவுல பையூரட்டுன்னு ஒரு அழுக்கு உண்டு, சட்டப்படி ஒண்ணரை சதம் வரைக்கும் இருக்கலாம். வயலுக்கு அது பெரிசா உறைக்காது. எலுமிச்சை வர்க்கத்து இலைக்கு ஆகாது, நுனியில இருந்து மஞ்சளாப் போகும், அந்த இலை மறுபடி பச்சைக்கு வராது. இலையில அடிக்கணும்னா பையூரட்டு கால் சதத்துக்கு மேல போகாத யூரியா பாத்து வாங்கணும். எலுமிச்சைக்கு அதை விட அவசியம் துத்தநாகம். மார்ச்சு, ஜூலை, அக்டோபர்னு வருசத்துல மூணு தடவை, புதுத் தளிரு வந்தப்பறம், லிட்டருக்கு 5 கிராம். கொய்யா வச்சிருக்கிற ஒங்க ஆயக்குடிச் சித்தப்பாவைக் கேளு, மார்ச்சு அக்டோபர்ல 1 சத யூரியாவோட அரை சத துத்தநாகம்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாரு. அவரு பொண்டாட்டி பேரைத்தான் கொஞ்சம் யோசிப்பாரு.

சரி, இப்ப ஆக வேண்டியதைக் கேளு. டிரம்முல திரிஞ்சதைக் கெணத்துப் பக்கம் ஊத்தாம, அந்தத் தரிசுல பரவலா விட்டுரு. மெசின்காரனுக்கு அரை நாள் வாடகை குடுத்து அனுப்பு, வயித்தெரிச்சலாத்தான் இருக்கும், குடு. ஒடைக்காத பாக்கெட்டுல அந்தப் பதிமூணு சைபர் நாப்பத்தஞ்சை மட்டும் காத்துப் புகாம இறுக்கி முடிஞ்சு, பரண்ல வை. ஈரம் பட்டா கல்லாப் போயிரும், சுத்தியலால ஒடைக்கணும். தை பொறந்தப்பறம் வாரத்துக்கு ஒரு தடவை நானே வந்து கெளை நுனியைப் பாத்துச் சொல்றேன். மொட்டு கட்டிருச்சுன்னா பாக்கெட்டைப் பிரிக்க வேண்டாம், கடுகுப் பிஞ்சு வரைக்கும் அது தூங்கட்டும். நான் போன் போட்டு வாடான்னா அன்னைக்கு வரணும், செவ்வாயோ புதனோ. ஆபீசுல மாமனுக்கு ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிக்க, இதுவரைக்கும் என்னை எத்தனை தடவை ஆஸ்பத்திரியில சேத்திருக்கன்னு ஒங்காத்தா சொன்னா.

மத்த பாக்கெட்டை நாளைக்குக் கடையில திருப்பிக் குடுத்துப் பாரு. வாங்க மாட்டேன்னு மொரண்டு பிடிச்சா பில்லைக் காட்டு, தன்மையாப் பேசு. எம்பேரை மட்டும் எடுத்துறாத மாப்ள. போன வருசத்துப் பாக்கி ஒண்ணு நிக்குது.